லிவர்பூல் இழந்ததும் பினாங்கிடம் இருப்பதும்

இங்கிலாந்து என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது லண்டன். அடுத்தபடியாக மான்செஸ்டரும் லிவர்பூலும். அவையும் ஊர்களாக அல்ல, காற்பந்துக் குழுக்களாகத்தான்! அந்தக் குழுக்களின் ஜெர்சியை அணிந்துகொண்டு நள்ளிரவில் மாமாக் கடையில் ஆட்டம் பார்க்கும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்களின் கதை தெரியும்? கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் மூன்று வாரம் அந்த வட்டாரத்தில் தங்கி ஊர் சுற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

தங்கியது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாக்போர்ட்டில், என் பாட்டியின் தங்கை வீட்டில். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் ‘சின்னப் பாட்டி’. 1970-களில் தாதியர் பயிற்சிக்காக பிரிட்டன் சென்ற மலேசியப் பெண்களில் அவரும் ஒருவர். மருத்துவமனையில் வேலை, அங்கேயே திருமணம், அங்கேயே ஓய்வு. ஆனாலும் ‘நம்ம ஊரு’ என்று அவர் சொன்னால் அது பினாங்குதான். தினமும் காலையில் எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்து, எந்த இரயில், எந்த நடைமேடை என்று சொல்லி அனுப்புவார். உறவினர் வீட்டில் தங்கினால் செலவு மட்டும் மிச்சமாவதில்லை. சுற்றுலாக் கையேட்டில் இல்லாத கதைகளும் கிடைக்கின்றன.

பஞ்சு வளர்த்த நகரம்

கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்பார்கள். அசல் மான்செஸ்டரில் இன்று ஆலைச் சங்கு ஒலிப்பதில்லை. செங்கல் ஆலைகள் பல அடுக்குமாடி வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. 1830-இல் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைத்துப் போடப்பட்டதுதான் உலகின் முதல் நகரிடை இரயில் பாதை. துறைமுகத்தில் வந்திறங்கிய பஞ்சு இந்தப் பக்கம் வரும். நெய்த துணி அந்தப் பக்கம் போகும். அந்தத் துணி இந்தியச் சந்தையை நிறைத்தபோது நம் முன்னோர் ஊர்களில் எத்தனையோ தறிகள் நின்றுபோயின.

அந்தக் கதையின் மறுபக்கத்தையும் இங்கே பார்க்கலாம். மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 2023-இல் தெற்காசியக் கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு வாழும் தெற்காசிய வம்சாவளியினரே கூடி உருவாக்கிய கூடம் அது. நுழைவுக் கட்டணம் இல்லை. யார்க் நகரில் உள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகமும் இலவசம்தான். 16 முதல் 25 வயதுள்ளோர் இரயில் தள்ளுபடி அட்டை வாங்கிக்கொண்டால் பெரும்பாலான பயணச் சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டு மாணவர்களும் வாங்கலாம்.

லயங்களை நினைவூட்டிய கிராமம்

பிராட்ஃபோர்டு அருகே சால்டேர் என்ற சிறிய ஊர். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி 1853-இல் தம் ஆலையைத் திறந்து, தொழிலாளர்களுக்காக அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் கல்வீடுகள் கட்டினார். பள்ளி, தேவாலயம், மருத்துவமனை எல்லாம் அவர் ஏற்பாடு. தெருக்களுக்குத் தம் மனைவி, பிள்ளைகளின் பெயர்களையே வைத்தார். ஊருக்குள் மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை!

அந்த வரிசை வீடுகளைப் பார்த்ததும் நம் தோட்டத்து லயங்கள்தான் நினைவுக்கு வந்தன. வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அவர் எல்லைக்குள்தான். ஆனால் முடிவு வேறு. நம் லயங்கள் பலவும் தரைமட்டமாகி, அந்த இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் செம்பனையும் வந்துவிட்டன. சால்டேர் 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆலை 1986-இல் மூடப்பட்டாலும் இன்று அங்கே ஓவியக் கூடமும் புத்தகக் கடையும் இருக்கின்றன. என்னை அதிகம் கவர்ந்தது ஒன்று: அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னல் ஓரத்தில் பூந்தொட்டி, வாசலில் சிறுவர் சைக்கிள். காட்சிப்பொருளாகாத ஊர்.

பட்டியலிலிருந்து நீங்கிய துறைமுகம்

லிவர்பூலில் இறங்கியதும் பினாங்கின் உறவுக்கார ஊருக்கு வந்தது போலிருந்தது. நமக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் என்றால் அவர்களுக்கு பர்கன்ஹெட். நடுவில் மெர்சி ஆற்றில் ஓடும் ஃபெரி. லிவர்பூலைத் தளமாகக் கொண்ட புளூ ஃபனல் கப்பல்கள் ஒரு காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் சீனாவரை போய்வந்தன. அவற்றில் வேலை செய்த சீன மாலுமிகளால் வளர்ந்தது லிவர்பூலின் சீனர் குடியிருப்பு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகக் கப்பலோட்டிய அவர்களில் பலர், போர் முடிந்ததும் 1945, 46-இல் நாடு கடத்தப்பட்டனர். அங்கேயே மனைவி, மக்களோடு வாழ்ந்தவர்களும் அதில் தப்பவில்லை.

1846-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் கப்பல்துறை, மரமே இல்லாமல் இரும்பு, செங்கல், கல் கொண்டு எழுப்பிய கிடங்குகளால் ஆனது. தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இப்படிப்பட்ட துறைமுகப் பகுதி 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2012-இல் ஆபத்தில் உள்ள இடமாக அறிவிக்கப்பட்டது. 2021 ஜூலை 21-ஆம் தேதி பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஓமானின் மான் சரணாலயம், ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம் இது. நீர்முகப்பில் திட்டமிடப்பட்ட உயரமான கட்டடங்களும், பழைய கப்பல்துறை ஒன்றில் எவர்ட்டன் குழு கட்டிய புதிய அரங்கமும்தான் காரணம்.

இதில் ஒரு நியாயம் மட்டும் இல்லை. பல ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்த இடத்துக்கு முதலீடும் வேலையும் வருகிறதே, அது தவறா என்று நகர நிர்வாகம் கேட்டது. இன்று சுற்றிப் பார்க்கும் பயணிக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது. லிவர் கட்டடத்தின் பறவைகள் அப்படியே நிற்கின்றன. கூட்டமும் குறையவில்லை. பட்டம் போனாலும் கட்டடங்கள் இருக்கின்றன.

நம் கதை நேர்மாறானது

ஜோர்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7-இல் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே, 18 மீட்டர் உயர வரம்பை மீறிய தங்கும் விடுதித் திட்டங்களால் சர்ச்சை எழுந்து, யுனெஸ்கோவின் குழு நேரில் வந்து பார்த்தது. அந்தக் கண்டத்தைத் தாண்டினோம். நம் பட்டம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நமக்கு அந்தப் பட்டம் கிடைத்தது கட்டடங்களுக்காக மட்டுமல்ல. பல இனத்தவர் பக்கத்துப் பக்கத்தில் இன்றும் வாழும் மரபுக்காகவும்தான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 1833-இல் தோன்றிய குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது அதற்குச் சாட்சி.

அந்த வாழும் மரபுதான் மெலிந்துகொண்டிருக்கிறது. 1948-க்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000 ஜனவரி முதல் இல்லாமல் போனது. குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. சின்னப் பாட்டி பிறந்த வீடும் அப்படித்தான். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வாடகை வீட்டை விட்டு அவருடைய அண்ணன் குடும்பம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனது. சட்டத்தை நீக்கியதற்கும் காரணம் இருந்தது. சொற்ப வாடகையை வைத்துக்கொண்டு உரிமையாளர் கூரையைக்கூடப் பழுதுபார்க்க முடியவில்லை. ஆனால் வெளியேறியவர்களோடு அந்தத் தெருவின் பேச்சும் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் சின்னப் பாட்டி சொன்ன அடையாளங்களை வைத்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். இப்போது அது ஒரு சிறிய தங்கும் விடுதி. அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். கதவும் தரை ஓடுகளும் பழையவைதான். படம் எடுத்து அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்தார். “கதவு நம்ம கதவுதான்மா. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?” என்று கேட்டார். அங்கே யாரும் குடியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் காப்பிக் கடைகள்.

ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை. அடுத்த முறை அன்று தூங்கிக் கழிக்காமல், வீட்டில் உள்ள தாத்தா, பாட்டியை அழைத்துக்கொண்டு ஜோர்ஜ்டவுனுக்குப் போய்வாருங்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கடையில் அரிசி வாங்கினார்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதில் வாழ்ந்தவர்களின் கதையைக் காக்க நாம்தான் இருக்கிறோம்.