பின்னால் வரும் பாரம்

பிசான அறுவடை தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சாலைகளில் டிராக்டர்கள்தான். பாளையங்கால்வாய்ப் பாசன வயல்களிலிருந்து நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிய பெட்டிகள் வரும். சேரன்மகாதேவி, களக்காடு பக்கமிருந்து வாழைத்தார்கள் வரும். ஒரு வண்டி இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. காரின் பின்னால் படுக்கையும் அடுப்படியும் கொண்ட சுற்றுலா டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது நம் பக்கத்திலும் தலைகாட்டுகிறது. கேரவன் சுற்றுலாவுக்கென்றே கேரள அரசு 2021இல் ஒரு கொள்கையை அறிவித்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்பி வண்டி வேண்டும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை எளிது. கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

2,000 கிலோ காரும் அதன் பின்னால் 1,500 கிலோ டிரெய்லரும் என்று வைத்துக்கொள்வோம். சமதளத் தார்ச்சாலையில், நல்ல காற்றழுத்தமுள்ள டயர்களில், அந்த டிரெய்லரை மெதுவாக உருட்டிச் செல்ல ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை போதும். இரண்டு ஆட்கள் தள்ளினாலே நகரும். மேடு வந்தால் கணக்கு மாறிவிடும். 30 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் மேம்பாலச் சரிவில் கூடுதலாக 50 கிலோ விசை வேண்டும். 10 அடிக்கு 1 அடி உயரும் மலைச்சாலை என்றால் 150 கிலோ. மாஞ்சோலைக்கோ காரையாறுக்கோ ஏறியவர்களுக்கு அத்தகைய சரிவுகள் தெரிந்திருக்கும். காரையும் சேர்த்து மொத்தம் 3,500 கிலோவை அந்தச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, சக்கரத்தில் 50 ஹெச்பிக்குச் சற்று மேல் தேவை. உருளும் தடையையும் சேர்த்தால் 60க்குள் முடிந்துவிடும். இன்றைய டீசல் எஸ்யூவிகளில் அதைவிட இரண்டு மடங்கு இருக்கிறது.

எஞ்சினிடம் இருக்கும் விசை தரைக்குப் போய்ச் சேர வேண்டும். 45 ஹெச்பி டிராக்டர் சுமார் 2 டன் எடையில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களில் நிற்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் அந்தச் சக்கரங்களுக்கு இருக்கும் பிடிமானம் சேற்று வயலில் பாதிகூட இருக்காது. எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் விவசாயிகள் பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறார்கள், சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடைகளை மாட்டுகிறார்கள், தொழியில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போடுகிறார்கள். மிகப் பெரிய பாரங்களை இழுக்கும் புல்லர் லாரிகள் தங்கள் முதுகில் இரும்புக் கட்டிகளையோ கான்கிரீட் கட்டிகளையோ சுமந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். வீண் சுமை போலத் தோன்றும் அந்தக் கட்டிகள் இல்லாவிட்டால் சக்கரம் தரையைப் பிடிக்காது.

எடை முக்கியம் என்றால், அந்த எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மூக்கு 150 கிலோ எடையோடு காரின் கொக்கியில் உட்கார்கிறது என்போம். கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர். ஏற்றப்பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவது போல, முன் சக்கரங்களின் மேல் இருந்த பாரத்தில் 64 கிலோ குறைந்துவிடும். பின் அச்சு 214 கிலோ கூடுதலாகச் சுமக்கும். முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்களுக்கு இது இரட்டை நஷ்டம். இழுக்க வேண்டியவையும் அந்தச் சக்கரங்கள்தான், திருப்ப வேண்டியவையும் அவைதான். நீளமான அடிச்சட்டமும் பின்சக்கர அல்லது நான்குசக்கர இயக்கமும் கொண்ட வண்டியை இழுவைக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதே நெம்புகோல் கணக்கு டிராக்டரில் உயிரை வாங்குகிறது. சேற்றில் சிக்கிய பெட்டியை வெளியே இழுக்க அவசரத்தில் சிலர் சங்கிலியைக் கீழேயுள்ள இழுவைக் கொக்கியில் மாட்டாமல், மேலேயுள்ள டாப் லிங்க் பகுதியில் மாட்டிவிடுவார்கள். கிளட்சை விட்டதும் முன்சக்கரங்கள் மேலெழும்பி, டிராக்டர் ஓட்டுநர் மீதே பின்னோக்கிக் கவிழும். சுதாரித்துக் குதிக்க நேரமே இருக்காது. இழுக்கும் புள்ளி எப்போதும் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாத ஒருவரைக்கூட டிராக்டர் இருக்கையில் ஏற விடக் கூடாது.

இழுப்பதைவிடக் கடினம் நிறுத்துவது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். தேர் எங்கே நிற்கும், ரதவீதி முனையில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கும் சிலர் கையில் இருக்கிறது. சாலையில் அந்த வேலையைப் பிரேக்குகள் செய்ய வேண்டும். நம் 3,500 கிலோ ஜோடி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இல்லையென்றால், 2 டன்னுக்காக அளவெடுத்துச் செய்த காரின் பிரேக்குகள்தான் முழு வெப்பத்தையும் வாங்க வேண்டும். பாதி வழியில் அவை பழுக்கக் காய்ந்து பிடிமானம் இழக்கும். ஆகவே தாழ்ந்த கியரில், எஞ்சின் இழுத்துப் பிடிக்க இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது கையிலிருக்கும் ஒரு பிரேக்கைக் கழற்றி வீசுவதற்குச் சமம். டிராக்டர் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக இருக்கும் இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலையில் ஏறும் முன் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக இணைத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் மிதிபட்டால், பாரம் ஏற்றிய பெட்டி டிராக்டரைச் சுழற்றிவிடும்.

2024 ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அறுந்தன. சமமான வீதி என்பதால் தேர் அசையாமல் நின்றது. மேட்டில் கொக்கி கழன்ற டிரெய்லர் நிற்காது. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். நம் சாலைகளில் பிரேக்கே இல்லாமல் டன் கணக்கில் ஏற்றிப் போகும் டிராக்டர் பெட்டிகளைப் பார்க்கும்போது, அந்த விதி இங்கேயும் கண்டிப்புடன் நடைமுறைக்கு வர வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

வேகம் கூடினால் வரும் ஆபத்து ஆட்டம். டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமும் வளைய ஆரம்பிக்கும். பின்பக்கம் பாரம் அதிகமாகி மூக்கில் எடை குறைந்தால் இது எளிதில் வரும். மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கு. அமெரிக்காவில் 10 முதல் 15 வரை சொல்வார்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் போன்ற கனமானவற்றை அச்சுக்கு நேராக, தாழ்வாக வைக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதே வழி. பதறி ஸ்டீயரிங்கை ஒடித்தால் நிலைமை மோசமாகும்.

இனி வண்டிக்கு வருவோம். எந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் தயாராகும் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் ஆஸ்திரேலியாவில் விற்கப்படும்போது, பிரேக் உள்ள டிரெய்லருக்கு 2,500 கிலோ என்ற வரம்போடு வருகிறது. இசுசு டி-மேக்ஸுக்கு அங்கே 3,500 கிலோ வரை. அவை அந்த நாட்டில் விற்கும் வண்டிக்கும் அங்கே பொருத்தும் கொக்கிக்கும் உரிய எண்கள். இங்கே நம் வாசலில் நிற்கும் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையேட்டில் இழுவை எடை குறிப்பிடப்படாத காரில், வெளியே வெல்டிங் வைத்துக் கொக்கி மாட்டிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிரெய்லரும் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம் என்பதை வாங்கும் முன்பே நினைவில் கொள்ளுங்கள்.

பேப்பரில் போட்ட கணக்கைச் சரிபார்க்க லாரி எடை போடும் எடைமேடை போதும். ஆட்கள், பெட்டி படுக்கை, தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு மூன்று முறை நிறுத்த வேண்டும். முதலில் டிரெய்லர் மாட்டிய நிலையில் முழு ஜோடியும். அடுத்து, மாட்டியபடியே காரின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில். கடைசியாக டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் கார் தனியாக. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கொக்கியில் விழும் எடை. முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. அந்தக் கொக்கி எடையும் காரின் சுமையில் சேரும்: 150 கிலோ என்றால், இரண்டு பெரியவர்களைக் கூடுதலாகப் பின்னால் ஏற்றியதற்குச் சமம். காரின் மொத்த எடை கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால், சாமான்களை இறக்கியோ சிறிய டிரெய்லருக்கு மாறியோதான் கிளம்ப வேண்டும்.