அடங்கினால் சுபம்

தமிழ் வணிகப் படங்களில் பெண்ணுக்கு இடமே இல்லை என்று சொல்லப்படும் குறை முழு உண்மையன்று. வசூலில் வென்ற பல படங்களில் செல்வமும் படிப்பும் பிடிவாதமும் கொண்ட பெண்ணே கதையை நகர்த்துகிறாள் என்பதால், அவள் திரையில் எவ்வளவு நேரம் தோன்றுகிறாள் என்பதைவிட, கதை முடியும்போது என்ன ஆகிறாள் என்பதே கவனிக்கத்தக்கது.

அமெரிக்கக் கேலிச்சித்திரக் கலைஞர் ஆலிசன் பெக்டெல் 1985இல் தம் சித்திரத் தொடரில் முன்வைத்து, பின்னர் 'பெக்டெல் சோதனை' எனப் பெயர் பெற்ற அளவுகோல், படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்கிறது. பெண்கள் இருக்கிறார்களா என்பதை அது காட்டுமே தவிர, அவர்களுக்குக் கதை எழுதும் தீர்ப்பைக் காட்டாது.

அந்தத் தீர்ப்பு தமிழில் நெடுங்காலமாக ஒன்றே. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த 'பெரிய இடத்துப் பெண்' (1963) முதல் 'பட்டிக்காடா பட்டணமா' (1972), 'மன்னன்' (1992) வரை, பெண்ணின் 'திமிர்' எனப்படுவதை நாயகன் அடக்குவதே கதையாகிறது. 'பட்டிக்காடா பட்டணமா'வில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கல்பனாவாக ஜெயலலிதா, கிராமத்து மூக்கையனோடு மோதிப் பிரிந்து, இறுதியில் அவன் வழிக்கே வருகிறார். 'மன்னன்' படத்தில் தொழிற்சாலையை நடத்தும் சாந்திதேவியாக விஜயசாந்தி, வீட்டை நிர்வகிப்பதில் நிறைவு காண்கிறார். பெண் அடங்கியதும் திரையில் 'சுபம்' விழுகிறது.

கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'படையப்பா' (1999) இந்த மரபின் உச்சம். ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரி கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ரஜினிகாந்தின் படையப்பாவுக்கு உட்கார நாற்காலியும் தராமல் நிற்க வைக்க, அவர் துண்டை வீசி, மேலே ஏற்றிக் கட்டப்பட்டிருந்த ஊஞ்சலை இறக்கி, அவளைப் போலவே கால்மேல் கால் போட்டு அமர்கிறார். இருவரும் செய்வது ஒன்றே. எனினும் அதே அமர்வு அவளிடம் திமிராகவும் அவரிடம் ஸ்டைலாகவும் வாசிக்கப்படும்படி காட்சி அமைந்துள்ளது. அடக்கமான வசுந்தரா படையப்பாவின் மனைவியாக, அடங்க மறுத்த நீலாம்பரி தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மடிகிறாள். ஆயினும் ரசிகர் நினைவில் நின்றவள் நீலாம்பரியே. கதை தண்டித்தவளை நடிப்பு காப்பாற்றிவிட்டது.

பெண்ணை அடக்கும் இந்த முடிவுக்கு வணிகக் காரணமும் உண்டு. பெரிய படத்தின் ஏரியா வியாபாரம், அதாவது ஊர்ப் பகுதிகளாகப் பிரித்து வெளியீட்டு உரிமையை விற்பது, பெரும்பாலும் நாயகனின் பெயரை நம்பி நடப்பதால், இறுதிக் காட்சியில் அவர் தோற்பது போட்ட முதலுக்கே ஆபத்தாகக் கருதப்படுகிறது.

எனினும் வேறு முடிவு இயலாததன்று. கோபி நயினார் இயக்கிய 'அறம்' (2017) படத்தில், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கப் போராடும் மாவட்ட ஆட்சியர் மதிவதனியாக நயன்தாரா நடித்தார். அவருக்கு ஜோடியும் இல்லை, அவரை அடக்க வரும் நாயகனும் இல்லை. இறுதியில் சாந்திதேவியைப் போல அவரும் தம் பதவியை விட்டு விலகுகிறார். ஆனால், சாந்திதேவி வீடு திரும்ப, மதிவதனியோ அரசியலுக்குப் போகிறார்.