அதே பெட்டியா, வேறு பெட்டியா?

சித்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தார். இரண்டிலும் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டு மட்டும்தான். ஒன்றில் சி.எஃப்.ஐ-1208ஏ என்று இருந்தது. இன்னொன்றில் சி.எஃப்.ஐ-2008ஏ. முதலாவது, திருப்பதியில் ஒருவர் இரண்டு வருஷம் ஆடிவிட்டுக் கைமாற்றப் பார்க்கும் பிளேஸ்டேஷன் 5. இரண்டாவது, கடையில் சீல் உடைக்காமல் இருக்கும் ‘ஸ்லிம்’. பையன் இன்டர் (பிளஸ் டூ) முடித்துவிட்டான். வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. படங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி: “மச்சான், இது அதே பொட்டியா, வேற பொட்டியா? பழசை வாங்கினா நாளைக்கு வர்ற கேம் ஓடுமா?”

அவர் ஒரே மூச்சில் கேட்டது இரண்டு கேள்வி. விற்பவர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியே வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில்.

சித்தூர்க்காரருக்கு இதை ரயிலை வைத்துச் சொல்வது சுலபம். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் தடம் ஒரு காலத்தில் மீட்டர்கேஜ். பிறகு பிராட்கேஜ் ஆனது. அன்றைக்கு ஓடிய பெட்டி எதையும் இன்றைய தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. அதே சமயம், பிராட்கேஜில் பழைய ஐ.சி.எஃப். பெட்டியும் ஓடும், புதிய எல்.எச்.பி. பெட்டியும் ஓடும். சாயம் வேறு, இருக்கை வேறு, குலுங்கல்கூட வேறு, தடம் ஒன்று. கேம் உலகில் ‘பிளாட்ஃபார்ம்’ என்று சொல்வது இந்தத் தடத்தைத்தான். கன்சோல் அதன்மேல் நிற்கும் பெட்டி.

இப்போது சீட்டுக்கு வருவோம். கடைசி இரண்டு இலக்கமான 08, எந்த நாட்டுச் சந்தைக்கான பெட்டி என்பதைச் சொல்கிறது. இந்தியாவுக்கு வருவது இந்த எண்தான். ‘ஏ’ என்றால் டிஸ்க் போடலாம், ‘பி’ என்றால் டிஜிட்டல். எஞ்சிய எண்ணில்தான் தலைமுறைக் கதை. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி 49,990 ரூபாய்க்கு இந்தியாவில் இறங்கிய முதல் பிளேஸ்டேஷன் 5, 1000 வரிசை. அதே ஆண்டு 1100 வந்தது. உள்ளே வெப்பம் கடத்தும் உலோகப் பகுதியைச் சிறிதாக்கி, எடையில் ஏறத்தாழ 300 கிராம் குறைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 1200-இல் சிப்பே சுருங்கியது. இந்த இரண்டு மாற்றத்துக்கும் சோனி மேடை போடவில்லை, பெயரும் வைக்கவில்லை. தராசில் நிறுத்தால் தவிர வாங்கியவருக்குத் தெரியாது. பிறகு 2000 வரிசை, அதாவது ஸ்லிம். 825 ஜிபி இடம் 1 டிபி ஆனது; டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டலாம் என்றானது. இதற்கு மட்டும் ஊரெல்லாம் விளம்பரம். இந்தியாவில் 2024 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது.

நான்கு வரிசைக்கும் கேம் டிஸ்க் ஒன்றுதான். ஆகவே தடம் ஒன்று, பிளாட்ஃபார்ம் ஒன்று. மாப்பிள்ளையின் கேள்விக்கு இத்தோடு பதில் முடிந்துவிட்டது. ஆனால் எல்லாக் கம்பெனியும் இவ்வளவு நேராக நடந்துகொண்டதில்லை.

நிண்டெண்டோவின் கேம்பாய் 1989-இல் வந்தது; கேம்பாய் கலர் 1998-இல். முதல் பார்வைக்கு வண்ணத்திரை சேர்த்த பழைய பெட்டிதான். போக்கிமான் வரிசையின் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்கள் இரண்டிலும் ஓடின. பழையதில் செருகினால் வண்ணம் இருக்காது, ஆட்டம் நடக்கும். அடுத்து அதே வரிசையில் கிரிஸ்டல் வந்தது. அதைப் பழைய கேம்பாயில் செருகினால், இது கலர் பெட்டிக்கானது என்று ஓர் அறிவிப்பு மட்டும் வரும். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் அண்ணன்கள் இரண்டு தடத்திலும் ஓட, தம்பி ஒன்றில் மட்டும்தான் ஓடுவேன் என்கிறான். இந்தக் கணக்கில் கேம்பாய் கலர் தனி பிளாட்ஃபார்ம். நிண்டெண்டோவின் விற்பனைப் பட்டியலைப் பாருங்கள்: கேம்பாயும் கேம்பாய் கலரும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துச் சொச்சம் என்று ஒரே வரி. பிரித்துக் காட்டுவதில்லை.

இதே சாமர்த்தியம் நிண்டெண்டோவின் பிந்தைய கையடக்கப் பெட்டிகளிலும் தொடர்ந்தது. டி.எஸ்., டி.எஸ். லைட், டி.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து 15 கோடியே 40 லட்சம் என்பது கணக்கு. அதில் டி.எஸ்.ஐ.க்கு மட்டுமேயான விளையாட்டுகள் உண்டு, அதே டி.எஸ்.ஐ., பழைய கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் செருகும் துளையை மூடியும்விட்டது. 2014-இல் வந்த நியூ 3டி.எஸ்.ஸும் அப்படித்தான். ‘ஜெனோபிளேடு கிரானிக்கிள்ஸ் 3டி’ பழைய 3டி.எஸ்.ஸில் ஓடாது. விற்பனைக் கணக்கில் ஒரே குடும்ப அட்டை. சமையல் மட்டும் தனித்தனி அடுப்பில். பெரிய எண் வேண்டும் என்றால் சேர்த்து எண்ணுவது, புதிதாக வாங்கவைக்க வேண்டும் என்றால் பிரித்துச் சொல்வது. தயாரிப்பாளரின் விற்பனைப் பட்டியலை வைத்து எது தனி பிளாட்ஃபார்ம் என்று தீர்மானிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நேர்மையான உதாரணம் வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் 2. 2000-இல் செங்கல் கனத்தில் வந்தது. 2004-இல் புத்தகம்போல மெலிந்தது. 2012 கடைசிவரை உற்பத்தியில் இருந்தது. மெலிந்தபோது ஹார்டு டிஸ்க் வைக்கும் இடம் போய்விட்டது. அது இருந்தால்தான் ஓடும் ‘ஃபைனல் ஃபேன்டசி 11’ போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் கஷ்டம். மற்றபடி தடம் மாறவில்லை. நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2009-இல், பிளேஸ்டேஷன் 3 வந்துவிட்ட பிறகும், ஹைதராபாதின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ பிளேஸ்டேஷன் 2-க்குத்தான் வந்தது. இந்தியாவுக்கென்று விற்ற கனத்த பெட்டி, மெலிந்த பெட்டி எதில் போட்டாலும் ஆடலாம்.

இதற்கு நடுவில் ஒரு மூன்றாம் வகை இருக்கிறது. அதுதான் உண்மையிலேயே தலைவலி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் 2020 நவம்பர் 10-ஆம் தேதி ஒன்றாக வந்தன. ஒன்றில் 16 ஜிபி நினைவகம், மற்றதில் 10. இரண்டிலும் எல்லா கேமும் ஓட வேண்டும், வசதியும் சமமாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. 2023-இல் லாரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ செப்டம்பரிலேயே பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது டிசம்பரில். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சிறிய பெட்டியின் நினைவகத்துக்குள் அடக்க முடியவில்லை. கடைசியில் எஸ்-க்கு மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியிட மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. காகிதத்தில் ஒரே தடம்தான். ஆனால் நிரலாளர் மேஜையில் அவை இரண்டு பெட்டி. சோதனை இரண்டு தடவை, திட்டு இரண்டு மடங்கு.

சரி, அரசாங்கம் எப்படி எண்ணுகிறது? இங்கேதான் வேடிக்கை. 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலில் இருந்த 15 பொருள்களில் வீடியோ கேம் கருவியும் ஒன்று. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸிடம் பதிவு செய்யாமல் விற்க முடியாது. சீட்டில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு எட்டு இலக்கம் இருக்குமே, அதுதான் பதிவு எண். அந்த எண்ணைக் கொடுப்பது தொழிற்சாலையைப் பார்த்து. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே பிராண்டில் வரும் பல மாடல்கள் ஒரே எண்ணின் கீழ் சேரலாம். அதே மாடலை வேறு தொழிற்சாலையில் செய்தால் வேறு எண். ஆடுகிறவனுக்கு வேறாகத் தெரிவது அங்கே ஒன்று. அவனுக்கு ஒன்றாகத் தெரிவது அங்கே இரண்டு. சுங்கத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. எந்த மாடல் வந்தாலும் 9504 50 என்ற ஒரே தலைப்பில் முடிந்துவிடும்.

வைஃபை இருக்கிற பெட்டிக்கு இன்னொரு வாசல் உண்டு: தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவு. 2024 நவம்பர் 7-ஆம் தேதி உலகச் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ மாட்டிக்கொண்டது இந்த வாசலில்தான். ப்ரோவில் வைஃபை 7 இருக்கிறது. அது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்தும். அன்றைக்கு இந்தியாவில் அந்த அலைவரிசை வைஃபைக்குத் திறந்துவிடப்படவில்லை. கைபேசிச் சேவைக்கே வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அலைவரிசையை அனுமதிக்காத நாடுகளில் ப்ரோ கிடைக்காது, இந்தியாவும் அதில் ஒன்று என்று சோனியே சொன்னது. அதன் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற வரைவு விதி 2025 மே மாதம்தான் வெளியானது.

ப்ரோ வரவில்லை என்று இங்கே பலர் கொதித்தார்கள். வேகமான வரைகலை, 2 டிபி இடம் எல்லாம் உண்மைதான், ஏக்கம் நியாயம். ஆனால் ஒரு கேமைக்கூட நாம் இழக்கவில்லை. ப்ரோவில் மட்டும் ஓடும் விளையாட்டு என்று தனியாக வெளியிடவில்லை. அதே டிஸ்க் அங்கே கூடுதல் பளபளப்போடு ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ வந்த 2016-இலும் இதே ஏற்பாடுதான். ஆட்டத்தின் கணக்கில் அது பழைய பிளாட்ஃபார்மே; அலைவரிசையின் கணக்கில் மட்டும் அந்நியன்.

மாடல் மாற்றம் என்பது திருப்பதிப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தடா அருகே ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து 2015 ஆகஸ்டில் வந்த ஷாவ்மியின் முதல் இந்தியத் தயாரிப்பு, ரெட்மி 2 பிரைம். பெயர் புதிது. 4.7 அங்குலத் திரையும் ஸ்னாப்டிராகன் 410 சிப்பும் அதற்கு முந்தைய ரெட்மி 2-இல் இருந்தவையே. 1 ஜிபி நினைவகம் 2 ஆனது, 8 ஜிபி இடம் 16 ஆனது, அவ்வளவுதான். செயலிகளுக்கு இரண்டும் ஒரே ஆண்ட்ராய்டு. அந்த ஆலை இருக்கும் ஸ்ரீசிட்டி அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். ஒரு செங்கல்கூட நகரவில்லை. சீட்டில் விலாசம் மாறிவிட்டது.

மாப்பிள்ளைக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சின்னது. “அதே பொட்டிதான் மாப்ளே. பழசுல எல்லாம் ஓடும். இடம்தான் கம்மி.” கூடவே ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன், உங்களுக்கும் சேர்த்து. பழைய வரிசையில் ‘பி’ என்று முடிந்தால் வாங்காதீர்கள். அதில் பிறகு டிஸ்க் டிரைவ் மாட்டவே முடியாது. கைமாற்று டிஸ்க், நண்பனிடம் இரவல் எதுவும் நடக்காது. ஸ்லிம்மில் ‘பி’ என்றால் பரவாயில்லை, டிரைவைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். முதல்முறை இணைக்கும்போது மட்டும் இணையம் வேண்டும். கடைக்காரர் “புது ஜெனரேஷன் சார்” என்று ஆரம்பித்தால், இதில் ஓடிப் பழையதில் ஓடாத கேம் ஒன்றின் பெயரைக் கேளுங்கள். பெயர் வரவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.