விதை தராத மல்லிகை

சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லி, வழக்கில் பூந்தமல்லி என மருவியது என்பர். அப்பெயரைக் கேட்டதும் நினைவில் மணப்பது மல்லிகை. மல்லிகை இனப் பூவில் புல்லிவட்டம் மொட்டைக் காக்கிறது. அல்லிவட்டம் அடியில் குழலாய் இணைந்து, மேலே இதழ்களாய் விரிகிறது. குழலின் உட்புறத்தில் இரண்டு மகரந்தத்தாள்களும் நடுவில் ஈரறைச் சூற்பையும் உள்ளன. அந்தியில் விரியும் வெண்மையும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைக்கின்றன.

சூல்முடியில் படிந்த மகரந்தத்தூள் குழாயாய் நீண்டு சூலை அடைகிறது. அதன் ஆண் கேமீட்டுகளுள் ஒன்று முட்டையுடன் இணைந்து கருவாகிறது. மற்றொன்று கருவூண் திசு தோன்றக் காரணமாகிறது. சூல் விதையாகவும் சூற்பை கனியாகவும் மாறுகின்றன. இதுவே இரட்டைக் கருவுறுதல்.

ஆயின், அடுக்கிதழ்க் குண்டுமல்லி விதை தருவது மிக அரிது. மேலும், மலரும் முன்னரே மொட்டாகக் கொய்யப்படுவதால் மகரந்தச் சேர்க்கைக்கும் வாய்ப்பில்லை. எனவே உழவர் போத்து நட்டும் பதியமிட்டும் அதனைப் பெருக்குகின்றனர். இவ்வாறு தோன்றும் செடிகள் தாய்ச்செடியின் மரபுப் பண்புகளையே கொண்டிருக்கும். அதனால் மணம் மாறுவதில்லை. நோய்க்கு ஆளாகும் இயல்பும் மாறுவதில்லை. ஒரு செடியை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்தலாம். விதைவழிப் பெருக்கமோ பெற்றோர் இருவரின் பண்புகளைக் கலந்து வேறுபாடுகளைத் தருகிறது. அவ்வேறுபாடே இனத்தின் காப்பு.