பூங்கா ஒரு நாள், உறக்கம் எங்கே?

தாராவித் தமிழ்க் குடும்பங்களில் ஏப்ரல் பிறந்தால் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஊருக்கு எப்போது? திருநெல்வேலிக்குப் பயணச்சீட்டு கிடைத்துவிட்டால் விடுமுறைத் திட்டம் முடிந்தது. ஊரில் தங்குமிடம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மாமா வீடு இருக்கிறது, சித்தி வீடு இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பிள்ளைகள் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறார்கள்: "இமேஜிக்காவுக்கு எப்போது?" அங்கே மாமா வீடு இல்லை. எனவேதான் தங்குமிடம் ஒரு சிக்கலாகிறது.

எங்கள் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. 1989-இல் கோராயில் எஸ்ஸெல்வேர்ல்டு திறக்கப்பட்டபோது, மும்பைக்காரர்கள் காலையில் புறப்பட்டு, படகில் கழியைக் கடந்து, மாலையில் அதே படகில் திரும்பினார்கள். இரவு உறக்கம் அவரவர் வீட்டில். அந்தப் பூங்கா 2022-இல் மூடப்பட்டது. 2013-இல் திறக்கப்பட்ட இமேஜிக்காவோ நகரத்தை விட்டு வெகுதொலைவில், ராய்கட் மாவட்டத்தின் கோபோலியை அடுத்து, கோபோலி–பாலி சாலையில் அமைந்திருக்கிறது. காலையில் போய் இரவில் திரும்புவது முடியாத காரியம் அன்று. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல், உறங்கிவிழும் குழந்தையைத் தோளில் சுமந்து, ஆட்டோ தேடி, கோபோலி நிலையம் வந்து, கர்ஜத்தில் வண்டி மாறி, தாதரிலோ சயானிலோ இறங்கி, தொண்ணூறு அடிச் சாலை வரை வந்து சேர்வதை ஒருமுறை செய்து பார்த்தவர் மறுமுறை செய்யமாட்டார்.

பூங்காவையும் விடுதியையும் இணைத்தே எண்ணிப் பார்க்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1955-இல் அமெரிக்காவின் அனஹைமில் வால்ட் டிஸ்னி டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, அதன் அருகே எழுந்த விடுதி டிஸ்னிக்குச் சொந்தமானதாக இல்லை; வேறொருவர் கட்டி நடத்தினார். சுற்றிலும் சிறு விடுதிகள் பெருகின. பூங்காவுக்கு வந்த கூட்டத்தின் பணம் வேலிக்கு வெளியே போயிற்று. அதில் பாடம் கற்றவர்கள் ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை முன்கூட்டியே வாங்கினார்கள். 1971-இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டபோது, அவர்களுடைய சொந்த விடுதிகளும் கூடவே திறந்தன. இன்று உலகெங்கும் பெரிய பூங்காக்கள் வாயிலருகே விடுதி வைத்திருப்பதன் கணக்கு இதுதான். நம் நாட்டிலும் பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள வொண்டர்லாவுக்குச் சொந்த விடுதி இருக்கிறது. இமேஜிக்காவின் வாயிலை ஒட்டி நோவோடெல் நிற்கிறது. அருகாமைக்கு ஒரு விலை வைக்கிறார்கள். அந்த விலை நமக்குத் தகுமா என்பதை நம் குடும்பத்தைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இமேஜிக்கா செல்வோர்க்கு மூன்று வழிகள் உண்டு: பூங்காவை ஒட்டிய விடுதி, கோபோலி ஊருக்குள் உள்ள எளிய லாட்ஜுகள், மலைமேல் உள்ள லோணாவாலா. மூன்றாவதைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூங்காவுக்காக மட்டும் போகிறவர்கள் லோணாவாலாவில் தங்க வேண்டாம். கோபோலி மலையடிவாரம், லோணாவாலாவுக்குக் கணவாய்ச் சாலையில் ஏற வேண்டும். வார இறுதியிலும் மழைக்காலத்திலும் அந்தச் சாலையில் வாகனங்கள் நகர மறுக்கும். காலையில் இறங்கி, இரவில் களைப்போடு மீண்டும் ஏறுவது குழந்தைகளுக்கு நல்லதன்று. பூங்காவுக்கு ஒரு நாளும் மலைக்கு ஒரு நாளும் தனித்தனியே ஒதுக்குவோர்க்கு மட்டுமே அது பொருந்தும்.

முதல் இரண்டில் எது என்பதை விலைப்பட்டியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பயணம் வருவோரின் வயதும் தீர்மானிக்கிறது. சென்ற முறை நாங்கள் ஏழு பேர்: நாங்கள் இருவர், என் தங்கை, மூன்று பிள்ளைகள், எழுபதைக் கடந்த என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி. விளம்பரத்தில் "பூங்காவிலிருந்து ஐந்தே நிமிடம்" என்றிருந்த ஒரு லாட்ஜில் இரண்டு அறைகள் பதிவு செய்தேன். ஐந்து நிமிடம் என்பது சாலை வெறுமையாக இருக்கும்போது, சொந்தக் காரில் என்பது போய்ச் சேர்ந்த பிறகே விளங்கியது. நண்பகலில் ஆச்சிக்குத் தலைசுற்றல் வந்தது. அறைக்கு அழைத்துச் செல்ல ஆட்டோ பிடித்துப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மாலைவரை தங்கை அவருடன் அறையிலேயே இருந்துவிட்டாள். நுழைவுச்சீட்டுக்கு முழுப்பணம் கொடுத்தவள் ராட்டினம் ஒன்றில்கூட ஏறவில்லை. "என்னால உனக்கும் கெட்டுப்போச்சே, மாப்பிள்ளை" என்று ஆச்சி இரவில் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அறை வாடகையில் நான் மிச்சப்படுத்தியது தங்கையின் நுழைவுச்சீட்டிலேயே கரைந்திருந்தது.

ஆகவே முதியவரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால், நடந்தே அறைக்குத் திரும்பக்கூடிய விடுதி கூடுதல் விலைக்குத் தகும். ஒன்றை மட்டும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்: பூங்காவை விட்டு வெளியே வந்தவர் அன்றே அதே சீட்டில் மீண்டும் நுழைய முடியுமா? முடியாதென்றால் அருகாமையின் பயன் பாதியாகிவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு மட்டும் செல்வோர்க்கு அறை வெறும் தலைசாய்க்கும் இடம். கோபோலி லாட்ஜே போதும்.

அடுத்தது, ஓர் இரவுதான் என்றால் எந்த இரவு? முந்திய இரவே போய்த் தங்கிக் காலையில் புத்துணர்வோடு நுழையலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். என் எண்ணம் வேறு. மும்பையிலிருந்து விடியற்காலையில் புறப்படுவது எளிது. கடினமானது இரவில் திரும்புவதுதான். எனவே பூங்கா நாளின் இரவையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான விடுதிகளில் அறை தருவது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே. ஆயினும் காலையிலேயே பைகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குள் செல்லலாம். ஆச்சி மூன்று மணிக்கு அறைக்கு வந்துவிடுவார். மறுநாள் காலை உணவை விடுதியிலேயே முடித்துவிட்டு, அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாடு வரதவிநாயகரைத் தரிசித்துத் திரும்பலாம். பொழுது மிகுந்தால் பூங்கா இருக்கும் அதே சாலையில் மேலும் சென்று பாலியில் பல்லாளேஸ்வரரையும் காணலாம். அதுவும் அஷ்டவிநாயகங்களுள் ஒன்று.

வாடகையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான வாடகைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எடுத்துக்காட்டாக, 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் 600 ரூபாய் வேறுபாடு, கையிலிருந்து போவதில் 1,670 ஆகிறது. கூடுதல் கட்டிலுக்கான கட்டணமும் இக்கணக்கில் சேரும் என்பதால், ஓர் அறையில் ஐவரை நெருக்குவதைவிட இரண்டு எளிய அறைகள் சில வேளை மலிவாக முடியும். சனி, ஞாயிறு வாடகையும் செவ்வாய், புதன் வாடகையும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கையில் வாரநாளில் செல்வதே நன்று.

பதிவு செய்யும்போது ஓர் எச்சரிக்கை. விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் போலித் தொலைபேசி எண்களும் உலவுகின்றன. தேடலில் முதலில் தெரியும் எண்ணை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். விடுதியின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், கியூ.ஆர். குறியை வருடிப் பின் எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கேட்டால் அது மோசடியே, பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். பெரிய விடுதிகள் சில, வந்து சேரும்போது அட்டையில் ஒரு தொகையைப் பிணையாக நிறுத்திவைக்கும். டெபிட் அட்டையில் அத்தொகை விடுபடச் சில நாள்கள் ஆகக்கூடும். கணக்கில் இருப்பதே மாதச் செலவுக்கான பணம் என்றால், எவ்வளவு நிறுத்துவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடுகள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுதி அறையின் வெள்ளை விரிப்பும் தனிக் குளியலறையும் ராட்டினத்துக்குச் சற்றும் குறைந்த வியப்பல்ல. லாட்ஜில் அன்றிரவு என் தங்கை மகன் தன் கட்டிலில் கைகால்களை நீட்டிப் படுத்து, "யார் காலும் இடிக்கல, மாமா" என்று வியந்துகொண்டேயிருந்தான். அறைக்கான செலவைப் பயணத்தின் வீண்செலவாக எண்ணும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இவ்வாண்டு ஜூனில் மாதம் 2,000 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த மே மாதத் தவணையோடு வட்டி நீங்கலாகவே 24,000 இருக்கும். இம்முறை பூங்கா வாயிலை ஒட்டிய விடுதியில் ஓர் அறை, ஆச்சிக்கும் தங்கைக்கும். மற்றவர்களுக்குக் கோபோலி லாட்ஜ். தங்கைக்கு இரண்டு நாள் நுழைவுச்சீட்டு எடுக்கலாமா என்று வீட்டில் இன்னும் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.