சிறுவர்க்குக் கால்நடை அறிவைக் கட்டுத்தறியிலேயே புகட்டும் வகை

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மாடு, ஆடு, கோழி இவற்றுள் ஒன்றேனும் இல்லாத குடியானவர் வீடு அரிது. ஆயினும் அவ்வீடுகளில் வளரும் பிள்ளைகளிற் பலர், சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் படத்தில் கண்டவுடன் பெயர் சொல்லுவர். தம் கொல்லையில் நிற்கும் வெள்ளாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் உண்டா என்று வினவினால் விழிப்பர். முற்காலத்துச் சிறுவர் மந்தையோடு திரிந்து இதனைத் தாமே அறிந்தனர். மேய்ச்சலுக்காகப் பள்ளியை நிறுத்துதல் எவ்வாற்றானும் தகாது. 6 முதல் 14 வயது வரையில் கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்துள்ளது. ஆனால் காலையில் அரைமணி நேரம் எந்த வீட்டிலும் கிடைக்கும். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு கைத்தொழில் வழியாகவே கல்வி அமையவேண்டுமென்று கூறியது. கட்டுத்தறியும் அத்தகைய ஒரு பள்ளியே.

இது பொழுதுபோக்கன்று. நோய் கண்ட ஆட்டை முதலிற் பார்ப்பவர் கால்நடை டாக்டர் அல்லர். அதனோடு நாள்தோறும் பழகும் வீட்டாரே. அவர் ஒருநாள் முந்திக் கண்டால் ஆடு பிழைக்கும். பிந்தினால் பல சமயங்களில் மந்தையும் உடன் போகும்.

கோழியினின்று தொடங்குதல் எளிது. அடைக்கோழியின் கீழ் வைக்கும் நாட்டு முட்டைகளோடு, கடையில் வாங்கிய நாமக்கல் முட்டை ஒன்றையும் பென்சிலாற் குறியிட்டு வைக்கச் சொல்லுக. ஏழாம் நாள் கோழி இரைக்கு இறங்கும் வேளையில், இருட்டறையில் டார்ச்சு விளக்கின்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்க்கவேண்டும். கருவுள்ள முட்டையில் சிலந்திக் கால்களைப்போலச் சிவந்த நரம்புகள் பரந்திருக்கும். கடை முட்டை வெறுமையாய் ஒளிவிடும். ஏன் என்று பிள்ளை கேட்கும். கூண்டுகளிலுள்ள முட்டைக்கோழிகளோடு சேவல் இல்லாமையால் அம்முட்டையிற் கருவில்லை என்று அப்போது சொன்னால், அது ஆயுள் முழுதும் மறவாது. எஞ்சிய கூமுட்டைகளையும் அன்றே நீக்கிவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும்போது கைகொடுத்து உரிக்க ஒருபோதும் விடலாகாது, பொறுத்திருத்தலும் பாடமே. கடுங்கோடையில் குஞ்சு பொரித்தல் குறையுமாதலால், இப்பரிசோதனைக்குத் தை, மாசி மாதங்களே உத்தமம்.

கோடை விடுமுறைக்கு உரியது அசைபோடுதலைக் கவனித்தல். என் அபிப்பிராயத்தில் இதற்கு மேற்பட்ட பாடம் வேறில்லை. பசு படுத்து அசைபோடும்போது பிள்ளை எட்ட அமர்ந்து, ஒரு கவளம் மேலேறி வருவதையும், அது எத்தனை முறை மெல்லப்பட்டு மீண்டும் விழுங்கப்படுகிறது என்பதையும் எண்ணட்டும். பெரும்பாலும் 40 முதல் 70 வரை வரும். பிறகு, பழகிய பசுவின் இடப்பக்கத்தில், விலாவெலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அமர்த்திக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுக. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒருமுறை, சில வேளை இருமுறை, உள்ளே பெருவயிறு அலைபோல் எழுந்து அடங்குவது கைக்குத் தெரியும். இதைப் பத்து நாள் தொட்டறிந்த சிறுமி, பதினோராம் நாள் அசைவு நின்றிருந்தால் தானே ஓடிவந்து சொல்லுவாள். அசை நிற்றல் பல வியாதிகளுக்கு முதற்குறி என்பதை வயதான குடியானவர் யாவரும் அறிவர். கோவில் விருந்துக்குக் கிடாய் வெட்டும் வீடுகளில், அருவருப்பில்லாத பிள்ளைகளுக்கு அதன் வயிற்றின் நான்கு அறைகளையும் கழுவிக் காட்டலாம். தேனடை போன்ற அறையையும், ஏடுகள் அடுக்கிய புத்தகம் போன்ற அறையையும் கண்டபின் வேறு படம் வேண்டுவதில்லை.

பல்லைப் பார்த்து வயதறிதல் சந்தையிற் பணத்தைக் காக்கும் வித்தை. பெரியவர் ஒருவர் ஆட்டைப் பிடித்து உதட்டை விலக்கிக் காட்டுக. கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் உண்டு. மேலே கெட்டியான ஈறு மாத்திரமே. ஒன்று முதல் ஒன்றரை வயதில் நடுவிரண்டு பால்பற்கள் விழுந்து பெரியவை முளைக்கும். எட்டும் கூட ஏறக்குறைய நான்கு வயதாகும். மாட்டுக்கு முதலிரண்டு பற்கள் சுமார் இரண்டு அல்லது இரண்டரை வயதில் வரும்.

தம் நாட்டு இனங்களையும் பிள்ளைகள் அறிதல் நன்று. மேச்சேரிச் செம்மறி இளஞ்சிவப்பு நிறமும், குறுமயிரும், கொம்பற்ற தலையும் உடையது; கம்பளி தராது, தோலுக்குப் பெயர்போனது. அதற்கென்றே பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சேலம் கருப்பு வெள்ளாடு மேனி முழுதும் கருமை. வாட்டசாட்டமான ஆடெல்லாம் அயலூர் இனமென்றும் நம்முடையது மட்டம் என்றும் சிலர் நினைப்பது வருந்தத்தக்கது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குட்டியை ஒப்படைத்து, ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுக்கவேண்டும். பிறந்த நாள், மாதந்தோறும் நிறை, கோமாரி, ஆட்டுக்கொல்லி, வெள்ளைக் கழிச்சல் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்ட நாள், இரை தின்னாத நாள் ஆகியவற்றை அதில் எழுதச் செய்க. நோயுற்ற பிராணியை மருந்தகத்துக்குக் கொண்டுபோகும்போது இப்புத்தகமும் போகட்டும். எந்நாள் முதல் அசைபோடவில்லை என்ற வினாவுக்கு விடை அதிலிருக்கும்.

கிராம அதிகாரிகள் பள்ளி ஆசிரியரோடு கூடி, ஊரிலுள்ள பிராணிகளைத் தெருவாரியாகப் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் செய்யலாம். சர்க்கார் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடைபெறுவதன்று. 20-ஆவது கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது. இடைக்காலத்தில் தடுப்பூசி முகாமுக்கு எத்தனை பிராணிகள் வருமென்று மதிப்பிட இவ்வெண் உதவும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். பிராணியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உண்ணலாகாது. கன்று ஈன்ற பசுவினிடமும் பொலிகாளையினிடமும் பிள்ளைகளைத் தனியே விடவேண்டாம். வாயில் நுரை தள்ளி விழுங்கமாட்டாமல் நிற்கும் மாட்டின் வாயில், ஏதோ சிக்கியதென்று எவரும் கைவிடலாகாது. அது வெறிநோயாக இருக்கக்கூடும். நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் ஊசி போடவேண்டும். திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசியும் பிராணியை அறுத்துப் பார்த்தல் கூடவே கூடாது. அது அடைப்பானாயிருக்கலாம். பிள்ளைகளை விலக்கி, அன்றே கால்நடை டாக்டருக்கும் கிராம அதிகாரிக்கும் தெரிவிக்கவேண்டும்.