பீருக்குள் புகை வந்த வழி

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் அவரை ஒரு சிறிய பீர் தயாரிப்புக் கூடத்துக்குக் கூட்டிப்போய், கருஞ்சிவப்பாக ஸ்காட்ச் ஏல் என்ற பீர் ஒன்றை வாங்கித் தந்தாராம். வாயில் வைத்ததும் விறகடுப்புப் புகை வாசம். ‘இதற்கென்று எசென்ஸ் எதையாவது கலக்கிறார்களா?’ என்பது அவருடைய கேள்வி.

எசென்ஸ் தேவையே இல்லை. பார்லியைக் காயவைக்கும்போதே புகை ஏறிவிடுகிறது.

பீருக்குப் பார்லியை முளைகட்டுவது பலரும் அறிந்ததுதான். முளைத்த பார்லியை உரிய நேரத்தில் காயவைத்தால்தான் முளை மேலும் வளராமல் நிற்கும். இதற்குத் துளைகள் போட்ட தளத்தில் தானியத்தைப் பரப்பி, கீழே தீ மூட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிக்கும் சில இடங்களில், குறிப்பாக ஐலா தீவில், அந்தத் தீக்கு எரிபொருள் பீட். குளிர்ந்த சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் புதர்ச்செடிகளும் முழுவதும் மக்காமல் படிந்து இறுகிய கரிய மண் அது. நிலக்கரியாகும் பயணத்தில் முதல் படி என்று சொல்லலாம். அதைச் செங்கல் போல வெட்டி, உலர்த்தி எரிக்கிறார்கள்.

தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது. கனன்று புகைய வேண்டும். தானியத்தின் தோல் ஈரமாக இருக்கும்வரைதான் புகை அதில் ஒட்டும். தோல் காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிதாகப் பிடிக்காது. அதனால் முதலில் பீட் புகை, பிறகு வெறும் சூடான காற்று. காங்கேயம் பக்கம் கொப்பரை காயவைப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெயிலில் காய்ந்த கொப்பரையின் எண்ணெய்க்கும், மழைக்காலத்தில் புகையில் காய்ந்ததன் எண்ணெய்க்கும் வாசனையே வேறு.

ஒட்டிக்கொள்ளும் பொருட்கள் பீனால், கிரெசால், குவாயக்கால் ஆகியவை. பீட் புகையேறிய பானத்தைச் சிலர் ‘ஆஸ்பத்திரி வாசனை’ என்று முகம் சுளிப்பது வெறும் பிரமை அல்ல. 1865-ல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் அறுவைச் சிகிச்சைக் காயங்களைச் சுத்தமாக வைத்திருக்கக் கையாண்ட கார்பாலிக் அமிலம் என்பது பீனால்தான். மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில், இவற்றின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். ஐலாவின் ஆர்ட்பெக் விஸ்கிக்கான மால்ட்டில் அது சுமார் 55. காய்ச்சி வடிக்கும்போது அதில் ஒரு பகுதி பின்தங்கிவிடும். பீரில் வடிப்பது என்ற படியே இல்லை. ஊறலில் இறங்கிய புகை அப்படியே கோப்பைக்கு வந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் பீட் மால்ட்டைக் கொஞ்சமாகவே சேர்ப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் மண்வாடை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். இந்த ஏலை ஐஸ் போலக் குளிரவைத்துக் குடிப்பதும் வீண். சில்லிப்பு சற்றுத் தணிந்தால்தான் முதலில் மால்ட்டின் பாகு போன்ற இனிப்பும், விழுங்கிய பின் மூக்குக்கு ஏறும் புகையும் தனித்தனியாகத் தெரியும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அசல் ஸ்காட்ச் ஏலில் இந்தப் புகை கிடையாது! பழங்காலத்தில் விறகிலோ வைக்கோலிலோ காய்ந்த மால்ட்டில் புகைவாசம் இருந்தது. அதைக் குறையென்று கருதி ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நிலக்கரியிலிருந்து எடுக்கும் கல்கரியை எரித்து மால்ட்டை உலர்த்தத் தொடங்கியதும் புகையற்ற வெளிர் மால்ட் கிடைத்தது. ஸ்காட்ச் ஏலுக்குப் பேர்போன எடின்பரோ நகருக்கு அருகிலேயே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே பீட்டுக்கு வேலையில்லை. ‘ஸ்காட்ச் என்றால் புகை’ என்ற எண்ணம் விஸ்கியிலிருந்து வந்தது. அதை ஏலுக்குள் கொண்டுவந்தவர்கள் பிற்காலத்துச் சிறு தயாரிப்பாளர்கள். பழமை இல்லை என்பதற்காக அதைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. அளவறிந்து செய்தால் அது நல்ல கைவினை.

இந்தியாவிலும் இந்தப் புகைக்கு ஆள் இருக்கிறது. 2004-ல் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்திய பெங்களூருவின் அம்ருத் நிறுவனம், பீட் புகையேற்றிய பார்லியை ஸ்காட்லாந்திலிருந்தே தருவிக்கிறது. கோவாவில் வடிக்கும் பால் ஜான் விஸ்கிக்கும் ஸ்காட்லாந்து பீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பீட் என்பது சீமைச் சரக்கு மட்டும் அல்ல. வாசகர் தன் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்து ஊட்டிக்கு ஏறி, கூடலூர்ப் பக்கம் போனால் வரும் சாண்டிநல்லா. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள அந்தப் பள்ளத்தாக்கின் சதுப்பில் பீட் படிந்திருக்கிறது. ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் நீலகிரி பீட்டின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, பல்லாயிரம் ஆண்டுப் பருவமழை மாற்றங்களை 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பின்னர் அந்தப் பதிவு 40,000 ஆண்டுகள் வரை நீண்டது. எப்போது வறண்டது, எப்போது மழை வலுத்தது என்பதெல்லாம் அந்தக் கரிய அடுக்குகளில் பதிந்திருக்கிறது.

இதை வெட்டி எரிக்கச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் பீட் சேர ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். பஞ்சு போல மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாகக் கசியவிடும் இந்தச் சதுப்புகளை நாம் வெறும் சேற்று நிலமாகவே பார்த்துவந்திருக்கிறோம். புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டோம். கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடித்தோம். வடிந்த பீட் காற்றுப்பட்டு மக்கி, சேர்த்துவைத்த கார்பனை வெளியே விட்டுவிடும். கோவைக்கு வரும் பில்லூர்க் குடிநீர் பவானி ஆற்றுத் தண்ணீர்; அந்த ஆறு உற்பத்தியாவதும் நீலகிரி மலையில்தான். எஞ்சியிருக்கும் சதுப்புகளை அளந்து வரைபடத்தில் குறித்து, அங்கே புது வாய்க்கால் வெட்டுவதைத் தடுப்பது அரசு உடனே செய்யக்கூடிய வேலை.